இன்சோம்னியா கோச் ஆப்: இரண்டரை வருடத்துக்குப் பிறகு தூங்கினேன்

கசகசா பால், ஜாதிக்காய்த் தூள், உள்ளங்காலில் நல்லெண்ணெய் என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்து, கடைசியில் ராத்திரி 2 மணிக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அழுதவள் நான். டாக்டர் தைராய்டு வரை பரிசோதித்துவிட்டு, சிபிடி-ஐ என்ற பயிற்சி முறையை முயற்சி செய்யச் சொன்னார். தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

அந்த முறையில் அமைந்ததுதான் இந்த ஆப். அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை உருவாக்கியது, இலவசம், ஐந்து வாரப் பயிற்சி.

இதில் பொன்னான விஷயம் தூக்க டைரி. தினமும் காலையில் எப்போது படுத்தோம், எத்தனை முறை விழித்தோம், எப்போது எழுந்தோம் என்று பதிய வேண்டும். ஒரு வாரம் எழுதியதும் தெரிந்தது: 10 மணியிலிருந்து 6 மணி வரை படுக்கிறேன், தூங்குவது 5 மணி நேரம்தான். எட்டு மணி நேரம் படுத்தால்தானே ஐந்து மணி நேரமாவது தூக்கம் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்ததே தப்பு. படுக்கை நேரத்தைக் குறைத்தால்தான் தூக்கம் சேர்ந்து வரும். அதனால் 12:30-க்குப் படுத்து 6 மணிக்கு எழ ஆரம்பித்தேன், ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து கூடத்துக்குப் போய்விட வேண்டும், கண்ணைச் சுழற்றினால்தான் திரும்பலாம். மங்கிய வெளிச்சத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி எத்தனையோ ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பத்து நாள் ரொம்பக் கஷ்டம், பகலெல்லாம் தள்ளாடும், ஸ்கூட்டியைத் தொடவே இல்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் படுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது, அப்புறம் அலாரம்! படுக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கினால் வாரம் 15 நிமிடம் கூட்டலாம். இப்போது 11:15-க்குப் படுக்கிறேன்.

பெருங்குறட்டை, வலிப்பு, பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் படுக்கை நேரத்தைக் குறைக்காதீர்கள். தூக்க மாத்திரை எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

அம்மாவுக்கும் தூக்கம் இல்லை, ஆங்கிலமும் வராது. அதனால் ஒரு நோட்டில் அதே டைரியைக் கோடு போட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேற்றோடு எட்டு நாள் ஆகிறது, ஒருநாள்கூட விடாமல் எழுதுகிறார்.