பழைய சிசிடி அலைன்மென்ட் கருவியைச் சரிசெய்வதா, 3டி கருவி வாங்குவதா?

வண்டிச் சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்ய உதவும் வீல் அலைன்மென்ட் கருவிகளில், சக்கரத்தில் மாட்டும் சென்சார்களால் அளக்கும் சிசிடி பழைய வகை, எட்டத்திலுள்ள கேமராக்களால் அளக்கும் 3டி புதிய வகை. பல ஆண்டு உழைத்த சிசிடி கருவி அடிக்கடி நின்றுபோகும்போது, அதையே பழுதுபார்ப்பதா, புதியதற்கு மாறுவதா என்று பட்டறைக்காரர்கள் தடுமாறுகிறார்கள்.

செலவு: பழையதில் முதலில் கெடுபவை பேட்டரி, கேபிள், கிளாம்ப் போன்ற சிறு பொருள்களே. எங்கள் கருவியின் முன் இடது சென்சார் சிக்னல் தராதபோது திறந்து பார்த்தால், பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் வேலை செய்தது. 3டிக்கோ பெருந்தொகையை மொத்தமாகப் போட வேண்டும்.

உழைப்பு: சிசிடியில் மின்னணுச் சென்சார்கள் சக்கரத்திலேயே தொங்குவதால், ஒன்று கைதவறி விழுந்தாலும் காலிபரேஷன் (அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை) பார்த்தாக வேண்டும். 3டியில் சக்கரத்தில் மாட்டுவது பிரதிபலிப்புப் பலகை மட்டுமே. கேமராக்கள் எட்டத்தில் பத்திரமாக இருக்கும்.

வேகம்: ரிம் கோணலை ஈடுசெய்ய, சிசிடியில் பொதுவாக வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், 3டியில் வண்டியைச் சற்று உருட்டினால் போதும்.

கணினி: பழையதன் உண்மையான பலவீனம் இதுதான். இத்தகைய பழைய கருவிகள் பலவற்றின் கணினியில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. கருவியை இணைக்கத் தேவைப்படும் பழைய வகை சீரியல் போர்ட் உள்ள கணினியும் அரிதாகிவிட்டது. ஆகவே ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கும்போதே முழு நகல் எடுத்து வைப்பது மிக அவசியம்.

நாளுக்கு இரண்டு மூன்று வண்டிகள், அவையும் பழைய மாடல்கள் என்றால், பழுதுபார்ப்பதே என் பரிந்துரை. வண்டிகள் வரிசையில் நின்றாலோ, புதிய மாடல்களின் அளவுகள் மென்பொருளில் கிடைக்காவிட்டாலோ 3டியே பொருத்தம். எதுவானாலும், வண்டி ஏறி நிற்கும் ராம்ப் மட்டமாக இருக்கிறதா, முன்சக்கரங்களுக்கு அடியிலுள்ள டர்ன்டேபிள் (சுழல்தட்டு) தடையின்றித் திரும்புகிறதா என்பதை முதலில் பாருங்கள்.