ஒரே கிரே, வேறு வேறு காயம்: காமாவும் நியூட்ரானும்

"அக்கா, காமாவும் 1 கிரே, நியூட்ரானும் 1 கிரே. அப்புறம் கோடு மட்டும் ஏன் இப்படிப் பிரியுது?" சென்னையில் நான் வேலை பார்க்கும் குரோமோசோம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், கதிர்வீச்சின் அளவு கூடக் கூடக் குரோமோசோம் சேதம் எப்படி ஏறுகிறது என்று காட்டும் இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

ஒரு கிலோ திசு எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டது என்பதைத்தான் கிரே சொல்லும். அந்த ஆற்றல் எப்படி இறங்கியது என்பதைச் சொல்லாது.

காமா எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிக்கொண்டு போகும். டிஎன்ஏவில் ஓர் இழை அறுந்தால், எதிர் இழையைப் பார்த்துச் செல் தைத்துக்கொள்ளும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது நேராக அணுக்கருவில்தான் மோதும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ஹைட்ரஜனின் கரு ஒற்றைப் புரோட்டான், எடையும் கிட்டத்தட்ட நியூட்ரானின் எடைதான். கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும்: காய் இன்னொரு காயை நேருக்கு நேர் இடித்தால் இடித்தது நின்றுவிடும், இடிபட்டது பறக்கும். அப்படிப் பறக்கும் புரோட்டான் வழியெல்லாம் நெருக்கி அடிக்கிறது. சில நானோமீட்டருக்குள் இரண்டு இழையும் அறுந்து, பக்கத்துக் காரங்களும் (டிஎன்ஏவின் எழுத்துகள்) சிதைந்தால் செல் எதைப் பார்த்துத் தைக்கும்? (ஈயத்தை நியூட்ரான் சட்டை செய்யாததும் இதனால்தான். கனத்த கருவில் பட்டால், போர்டின் கட்டையில் பட்ட காய் மாதிரி வேகம் அதிகம் குறையாமல் திரும்பிவிடும். அதற்குத் தண்ணீர், மெழுகு, கான்கிரீட் வேண்டும்.)

அவளை மைக்ரோஸ்கோப்பில் உட்காரவைத்தேன். ரத்தத்தின் லிம்போசைட்டுகளை (ஒருவகை வெள்ளணு) 48 மணி நேரம் வளர்த்து, ஜீம்சா சாயம் ஏற்றிய ஸ்லைடு. ஒழுங்கான குரோமோசோமுக்கு இடுப்பு (சென்ட்ரோமியர்) ஒன்று. உடைந்த இரண்டு தவறாக ஒட்டிக்கொண்டால் இடுப்பு இரண்டு, பக்கத்தில் இடுப்பில்லாத ஒரு துண்டு அநாதையாகக் கிடக்கும். இதுதான் டைசென்ட்ரிக்.

டைசென்ட்ரிக்குக்கு இரண்டு உடைப்புகள் வேண்டும். காமாவில் பெரும்பாலும் அவை இரண்டு தனித்தனித் தடங்களிலிருந்து வரவேண்டும். அதனால் அளவு கூடக் கூட எண்ணிக்கை வளைந்து ஏறும். அதே அளவைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டாவது வருவதற்குள் முதல் உடைப்பு ஆறிவிடும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நோயாளிகள் வாரக்கணக்கில் தினமும் கதிர்வீச்சுக்கு வந்துபோவது நல்ல செல்களுக்கு இந்த அவகாசம் கொடுக்கத்தான். நியூட்ரானில் ஒரே புரோட்டான் தடம் இரண்டையும் உடைத்துவிடும். கோடு நேராக ஏறும். பிரித்துக் கொடுத்தாலும் பெரிதாகத் தப்பிக்க முடியாது.

மருத்துவத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஆக்சிஜன் குறைந்த கட்டி காமாவுக்கு அசையாது, நியூட்ரானுக்கு அந்தப் பிடிவாதம் அவ்வளவு செல்லாது. ஆசை அங்கிருந்துதான் வந்தது. 1938-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ராபர்ட் ஸ்டோன் என்ற மருத்துவர் புற்றுநோயாளிகளுக்கு நியூட்ரானைக் கொடுத்துப் பார்த்தார். பிழைத்தவர்களின் நல்ல திசுக்கள் பின்னாளில் மோசமாகக் கெட்டன. கொல்லும் வலு கூடுவதை நன்மை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தரமணியில் 2019 முதல் நடக்கும் புரோட்டான் சிகிச்சையை இதோடு குழப்பக் கூடாது. அங்கே புரோட்டான் அதிவேகத்தில் நுழைகிறது, வழியில் காமா மாதிரி சிதறலாகவே அடிக்கிறது. அதன் சிறப்பு, குறித்த ஆழத்தில் நின்றுவிடுவது.

அவள் கோட்டுக்குத் திரும்பினாள். 1 கிரே காமாவுக்கு 100 செல்லில் ஏறக்குறைய 10 டைசென்ட்ரிக். அணுப்பிளவு நியூட்ரானுக்கு அதைப்போலப் பல மடங்கு. "அப்போ ஸ்லைடுல 10 எண்ணினா, வாங்கின டோஸ் எவ்வளவுன்னு எழுதுறது?"

அதனால்தான் கதிர்வீச்சு பட்டவரின் ரத்த மாதிரியோடு வரும் படிவத்தில் முதலில் பார்ப்பது, பட்டது காமாவா, நியூட்ரானா, இரண்டும் கலந்ததா என்பதை.