பாலர் பள்ளி ஆசிரியரைத் தலைமைக்குத் தயார் செய்ய எது உதவும்: படிப்பா, கோச்சிங்கா, சக ஆசிரியர் குழுவா?

குழந்தைகளோடு நன்றாகப் பழகுகிறவர் என்பதற்காகவே ஒருவரிடம் மேற்பார்வைப் பொறுப்பைக் கொடுத்துவிடுவது பாலர் பள்ளிகளில் சர்வசாதாரணம். அழுகிற மூன்று வயதுக் குழந்தையைத் தேற்ற அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால், தூங்க மறுத்த குழந்தையிடம் கத்திவிட்ட சக ஆசிரியரைத் தனியே கூப்பிட்டு, அவர் மனம் நோகாமலும் விஷயத்தை மழுப்பாமலும் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தலைமைப் பயிற்சி என்று எதைக் கொடுத்தாலும், அது இந்த உரையாடலுக்கு உதவுகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒருநாள் பயிலரங்கு மலிவு, ஒரே அறையில் பலரை உட்கார வைத்துவிடலாம். அதோடு சரி. ஆசிரியர் பயிற்சி பற்றி அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே சொன்னதுதான்: விளக்கிச் சொன்னாலும், செய்து காட்டினாலும், பிறகு கூடவே நின்று கோச்சிங் கொடுக்க ஆளில்லை என்றால் கற்றது வகுப்பறைக்குள் போய்ச் சேருவது கடினம். நீண்ட படிப்புகளின் கதை வேறு. இங்கிலாந்தில் பாலர் கல்வித் தலைமைக்கென்றே 2022இல் தொடங்கிய தேசியத் தகுதிப் படிப்பு 18 மாதம் நடக்கிறது. வரவு செலவு, பணியாளர் நியமனம், சட்டப் பொறுப்பு எல்லாம் கையாளப் போகிறவருக்கு இப்படி ஒரு படிப்பு அவசியம்தான்.

கோச்சிங்தான் என் தேர்வு. அமெரிக்காவில் ஏழைக் குடும்பக் குழந்தைகளின் பாலர் கல்விக்காக 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் அரசுத் திட்டத்தில் பயன்படுத்தும் முறை எளிமையானது: ஆசிரியரும் கோச்சும் சேர்ந்து ஒரு இலக்கு வைக்கிறார்கள், கோச் நேரில் வந்து கவனிக்கிறார், பிறகு இருவரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுகிறார்கள், மறுபடி அடுத்த இலக்கு. தலைமைக்கு இதைப் பயன்படுத்தும்போது பாடம் நடத்துவதைக் கவனித்தால் மட்டும் போதாது. பணியாளர் கூட்டத்தில் யாரை அவர் பேசவே விடவில்லை, குழந்தையை இன்னொரு குழந்தை கடித்துவிட்டது என்று கோபமாக வாசலில் நிற்கும் அம்மாவிடம் என்ன சொன்னார், இதையெல்லாம் கோச் பார்த்தாக வேண்டும். அப்புறம், கோச்சாக வருகிறவரே பணி மதிப்பீடும் எழுதுகிறார் என்றால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள், தயவுசெய்து அந்த இரண்டையும் ஒருவரிடமே கொடுக்காதீர்கள். செலவும் உண்டு, பேசுகிற நேரத்துக்கு வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியர் வேண்டும்.

சக ஆசிரியர் குழு என்றதும் எல்லோரும் காட்டுவது இத்தாலியின் ரெஜியோ எமிலியாவை. அங்கே நகராட்சிப் பாலர் பள்ளிகளில் தலைமை ஆசிரியர் என்ற பதவியே கிடையாது. ஆசிரியர்கள் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள், பல பள்ளிகளுக்குப் பொதுவான கல்வி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் துணை நிற்கிறார். அழகான முறைதான். ஆனால் கூடிப் பேசும் நேரம் அங்கே சம்பள நேரத்துக்குள்ளேயே வருகிறது. அதை விட்டுவிட்டு, வேலை முடிந்து களைத்துப்போனவர்களை மாலையில் கூட்டி வைத்து 'பகிர்ந்த தலைமை' என்று பெயர் வைப்பது அநியாயம்.

எனவே புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு கோச், பழகியவர்களுக்குக் குழு, பாலர் பள்ளி முழுவதையும் நிர்வகிக்கப் போகிறவருக்குப் படிப்பு. கோச்சுக்குப் பணமில்லாத சிறிய மையம் என்றால், பக்கத்து மையத்தோடு பேசி இரண்டு மேற்பார்வையாளர்களும் மாதம் ஒருமுறை ஒருவர் நடத்தும் கூட்டத்தில் மற்றவர் உட்கார்ந்து கவனிக்க ஏற்பாடு செய்யலாம், அதற்கு அரை நாள் ஒதுக்கினால் போதும்.