கல்யாணத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை பேக்கேஜ், பிரிக்ஃபீல்ட்ஸ்: தலசீமியா பகுதி போதாது

என் தங்கச்சியும் அவள் கட்டிக்கொள்ளப் போகிறவரும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் லேபில் இந்த பேக்கேஜை எடுத்தார்கள், நானும் கூடப் போயிருந்தேன். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டையும் இதில் பார்க்கிறார்கள். ரத்தம் எடுக்கிற வேலையில் குறையே இல்லை. ஊசி போட்ட அக்கா தமிழிலேயே பேசினார், ஊதா மூடி போட்ட குழாயில் பெயரையும் ஐசி எண்ணையும் எங்கள் கண்முன்னே ஒட்டி, சரிதானா என்று படித்துப் பார்க்கச் சொன்னார். சொன்ன நாளில் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

குறை அந்த ரிப்போர்ட்டில்தான். தங்கச்சிக்கு எம்சிவி (ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு) 66, அது குறைவு; ஹெச்பிஏ2 (ஒரு வகை ஹீமோகுளோபின்) 5.2 சதவீதம், அது அதிகம்; கீழே 'பீட்டா தலசீமியா ட்ரெய்ட்' என்று ஒரே ஒரு வரி. கல்யாணமே நின்றுவிடுமோ என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ட்ரெய்ட் என்பது நோயே இல்லை, 11ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு, அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு வருகிறதே, அதில் ஒன்றில் மட்டும் பிழை, இன்னொன்று நன்றாக வேலை செய்கிறது, அவள் பாட்டுக்கு நலமாக வாழலாம் என்று போனில் சொல்லக்கூட அங்கே ஆளில்லை. இருவருக்குமே பீட்டா ட்ரெய்ட் இருந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு மேஜர் என்ற கடுமையான தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு. அது வந்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏறிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியாமலிருக்கத் தொடர்ந்து மருந்தும் வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வரியில் அனுப்பிவிட்டு விடுவது நியாயமில்லை.

மாப்பிள்ளையின் ரிப்போர்ட்தான் எனக்கு இன்னும் கவலையாக இருந்தது. ஹெச்பிஏ2 சரியாக இருக்கிறது, அதனால் 'தலசீமியா இல்லை' என்று போட்டிருந்தார்கள், ஆனால் எம்சிவி 73, அதுவும் குறைவுதானே! இரண்டையும் அரசாங்க கிளினிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து, தலசீமியாவில் ஆல்ஃபா என்று இன்னொரு வகை உண்டு, அது ஹெச்பிஏ2வில் தெரியாது, இரும்புச்சத்துக் குறைவாலும் எம்சிவி இறங்கும், முதலில் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை), அது சரியாக இருந்தால் டிஎன்ஏ சோதனை என்று எழுதிக்கொடுத்தார். ஆல்ஃபா ட்ரெய்ட் என்றே வந்தது. ஒருவர் ஆல்ஃபா, ஒருவர் பீட்டா என்றால் பிள்ளைக்கு மேஜர் வராது என்று அவர் சொன்ன பிறகுதான் வீட்டில் சோறு இறங்கியது. மாப்பிள்ளைக்கு ஹீமோகுளோபின் ஈ ட்ரெய்ட் (ஹீமோகுளோபினில் வரும் இன்னொரு பரம்பரை மாற்றம்) இருந்திருந்தால் பேச்சே வேறு, பீட்டாவோடு சேர்ந்தால் அதுவும் கடுமையாகலாம், மலேசியாவில் அது பரவலாக இருக்கிறது.

அப்புறம், 'ரத்தம் கம்மி' என்று தங்கச்சி பார்மசியில் வாங்கிச் சாப்பிட்டு வந்த இரும்பு மாத்திரையையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார், அவளுக்கு ஃபெரிட்டின் குறைவே இல்லை.

வேகத்துக்கும் ஊசி போடும் கைக்கும் இந்த லேபுக்குப் போகலாம், ஆனால் தலசீமியாவுக்காக மட்டும் என்றால் போகாதீர்கள், அரசாங்க கிளினிக்கிலேயே பார்க்கலாம். 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இந்தச் சோதனையைத் தொடங்கினார்கள், அதற்கு முன் படித்து முடித்தவர்கள் விட்டுப்போயிருக்கலாம். இந்த பேக்கேஜை எடுத்தே ஆகவேண்டும் என்றால், பணம் கட்டுமுன் ஃபெரிட்டின் சேர்ந்திருக்கிறதா, ரிப்போர்ட்டை டாக்டர் விளக்குவாரா என்று கவுண்டரில் கேளுங்கள். ஒருவருக்கு ட்ரெய்ட் என்று வந்தால் கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கும் அடுத்த வாரம் ரத்தம் எடுக்கிறார்கள்.