27 வயது மாருதி 800: ஐடிலிங்கில் உதறலும் திடீரென்று ஆஃப் ஆவதும்

1998-இல் அப்பா வாங்கிய மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டு அன்றாட வண்டி. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பழைய கருவி) மாடல், ஏ.சி. உண்டு, 796 சி.சி., மூன்று சிலிண்டர், டி.என். 74 பதிவு. வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம், கடல் நடந்து போகும் தூரம்தான். வேலைக்கு அம்மாண்டிவிளை வழியாக நாகர்கோவில் போவேன். மனைவி வீட்டுக்கு என்றால் தக்கலை, அழகியமண்டபம், திருவட்டாறு தாண்டி குலசேகரம். ஆக, பாதி ஓட்டம் உப்புக்காற்றில், மீதி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏற்ற இறக்கத்தில்.

மைலேஜ், உதிரிபாகம், சஸ்பென்ஷன் என்று இந்த வண்டியைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "நின்ன இடத்துல உதறுது, சில நேரம் ஆஃப் ஆயிடுது, என்ன செய்யணும்?" எங்கள் வண்டிக்கு இந்தக் கோளாறு வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு காரணங்களால் வந்து போயிருக்கிறது. ஓட்டுகிறவருக்கு எல்லாம் ஒரே நோய் போலத்தான் தெரியும். வண்டி எப்போது உதறுகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்தால் மட்டுமே வித்தியாசம் பிடிபடும். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை அதில் கிடைத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எது இயல்பான நடுக்கம் என்று தெரிய வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 240 டிகிரி சுற்றும்போது ஒருமுறைதான் வெடிப்பு நடக்கும். நான்கு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒருமுறை. அதனால் 800-இன் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடுவது, புதிதாக இருந்தபோதே நான்கு சிலிண்டர் வண்டி போல அமைதியாக இருந்ததில்லை. ஸ்டீயரிங்கில் சீரான, ஒரே தாளத்தில் வரும் அதிர்வு என்றால் பயப்பட வேண்டாம். அது அளவுக்கு மேல் போனால் எஞ்சின் மவுண்ட் ரப்பர் இறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். தாளம் தப்பினால்தான் நோய். நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏழெட்டு முறை எரிய வேண்டும். அதில் ஒன்று இரண்டு விட்டுப்போனாலும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு உதைப்பது தெரியும். சைலன்சர் முனையில் கையை வைத்தால் காற்று சீராக வராமல் இடையிடையே விட்டுவிட்டு வரும்.

எங்களுக்கு முதலில் வந்தது ஆனி, ஆடி மழைக்கால நோய். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாது. பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் சரியாகிவிடும். வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை. இப்படி ஈரத்தோடு வந்து சூட்டோடு போகிற கோளாறு என்றால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம், மின்சாரப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இரவில் வெளிச்சத்தை எல்லாம் அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் எச்.டி. வயர்கள் (பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் கொண்டுபோகும் வயர்கள்) மேல் லேசாகப் பனி போல அடித்துப் பார்த்தோம். நடு சிலிண்டருக்குப் போகிற வயரில் நீலப் பொறி எஞ்சின் பாடிக்குத் தாவுவது கண்ணுக்கே தெரிந்தது. அந்த மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றினால் உள்ளே பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று செய்கிற வேலை இது. முட்டம், குளச்சல் பக்கம் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் புதிதல்ல. வயர் செட், கேப், ரோட்டர் மூன்றையும் மாற்றினோம். அடுத்த மழையில் தொல்லை இல்லை. எலக்ட்ரானிக் இக்னிஷனுக்குப் பதில் பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த இன்னும் பழைய வண்டி என்றால் பாயிண்ட் இடைவெளியும் கண்டென்சரும் இந்த வரிசையிலேயே சேரும்.

எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று கண்டுபிடிக்கப் பழைய முறையே நல்ல முறை. ஐடிலிங்கில் ஒவ்வொரு பிளக் வயரையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்ப்பது. நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் தொங்கும், அதாவது வேகம் இறங்கித் திணறும். எடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ரப்பர் பிடி போட்ட பிளையர் கட்டாயம் வேண்டும். கழற்றிய வயரை அந்தரத்தில் விடாமல் ஒரு பழைய பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உலோகப் பகுதியை எஞ்சின் மேல் படும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்குக் கேடு.

அடுத்து வந்தது கொஞ்சம் நுணுக்கமானது. மழை, வெயில் வித்தியாசமே இல்லாமல் ஐடிலிங் ஏறி இறங்கி உதறும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் எல்லாம் சரி. அப்போது நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றி, கார்புரேட்டரையும் இறக்கிக் கழுவிக் கொடுத்தார்கள். ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை நன்றாக ஏற்றிவிட்டார்கள். வண்டி ஆஃப் ஆகவில்லை, ஆனால் நின்ற இடத்தில் இரைந்துகொண்டே இருந்தது. கிளட்சை விட்டால் பாய்ந்தது. நோயை அப்படியே வைத்துவிட்டு அறிகுறியை மட்டும் மறைக்கிற வேலை அது. பழைய வண்டிகளுக்கு இது தினமும் நடக்கிறது, பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

உண்மையான காரணம் புகைச் சான்று எடுக்கப் போன இடத்தில் அகப்பட்டது. பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். என்பது எல்லை. எங்கள் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. ஹைட்ரோகார்பனோ எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தச் சீட்டை நிறையப் பேர் கண்ணாடியில் ஒட்டுவதற்கு மட்டும்தான் பார்க்கிறார்கள். அதில் எஞ்சினுக்குள் நடப்பது அப்படியே எழுதியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறினால் பெட்ரோல் அதிகம்: கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட், சோக், மிதவை பக்கம் பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது என்று பொருள். பிளக் எரிய வைக்கவில்லை, அல்லது கலவையில் காற்று அளவு மீறியிருக்கிறது. பிளக், வயர் எல்லாம் புதிது என்பதால் எங்களுக்குக் காற்று ஒன்றுதான் மிச்சம்.

கார்புரேட்டர் அளந்து விடாத காற்று எங்கோ உள்ளே போகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அப்போது சின்ன ஓட்டை வழியாக வருவதும் பெரிய பங்காகிவிடும். வேகத்தில் மொத்தக் காற்று பெருகுவதால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது. மிதித்தால் சரியாகிவிடுவது இதனால்தான். எஞ்சின் சூடேறுவதற்கு முன், ஸ்டார்ட் செய்த உடனே, ஒவ்வொரு வேக்குவம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் ரப்பர் குழாய்) முனையிலும் கார்புரேட்டர் அடியிலும் சில சொட்டு தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தோம். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபட்டு எஞ்சின் சத்தம் மாறும். இதற்கு கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிக்கிறவர்கள் உண்டு. அது தீப்பிடிக்கும் சாமான். பொறி தாவுகிற வயரும் சூடான சைலன்சர் குழாயும் பக்கத்தில் இருக்கும்போது நான் அதைச் செய்ய மாட்டேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற வேக்குவம் ஹோஸ் முனை காய்ந்து கல் போலாகி வெடித்திருந்தது. கார்புரேட்டர் அடி கேஸ்கட்டிலும் ஒரு மூலையில் கசிவு. இரண்டையும் மாற்ற ஆன செலவு, முன்னால் மாற்றிய பிளக் செட்டின் விலையை விடக் குறைவு. அதன் பிறகுதான் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினோம். வண்டி அமைதியாக நின்றது.

எஞ்சினின் உறிஞ்சலால் பிரேக் மிதிப்பதைச் சுலபமாக்கும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் இன்னொரு சோதனையும் உண்டு. ஐடிலிங்கில் பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது எஞ்சின் தொங்கினால் பூஸ்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். அந்த ஹோஸை நெரித்துப் பிடித்ததும் ஐடிலிங் சரியானால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது வந்ததுதான் ஆளை மிரட்டியது. உதறல் எதுவும் கிடையாது. குலசேகரத்திலிருந்து இறக்கத்தில் வரும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சாவியைத் திருப்பியது போல எஞ்சின் அடங்கிவிடும். பின்னால் ரப்பர்த் தடி ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கும். மிதித்துக்கொண்டே இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். சில நாள் வராது, சில நாள் மார்த்தாண்டம் வரை போவதற்குள் பலமுறை வரும்.

அழகியமண்டபம் பக்கத்தில் வயதான ஒரு மெக்கானிக் இருக்கிறார். நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பானெட்டைத் திறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மக்கா, கால எடுக்கும்போ மட்டும் சாவுதுன்னா மெயின் ஜெட்டுல கைய வைக்காத. சொலினாய்டுக்க வயர முதல்ல பாரு, கேட்டியா?" என்றார்.

இந்தக் கார்புரேட்டரில் ஐடிலிங் வழிக்கென்று ஒரு சின்ன சொலினாய்டு வால்வு இருக்கிறது. சாவி போட்டால் மின்சாரம் வந்து வழி திறக்கும், சாவியை எடுத்தால் மூடிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அது எரிந்துகொண்டே ஓடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. மிதித்து ஓட்டும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியாகப் போவதால் இந்த வால்வு மூடியிருந்தாலும் வண்டி ஓடும். காலை எடுத்ததும் எஞ்சின் ஐடிலிங் வழியை நம்பி நிற்கிறது, அந்த வழி மூடியிருந்தால் அடங்கிவிடுகிறது. அண்ணாச்சி சாவியை ஆன் செய்து வைத்துவிட்டு வயரை லேசாக ஆட்டினார். ஆட்டும்போதெல்லாம் "டிக், டிக்" என்று வால்வு திறந்து மூடியது. டெர்மினலில் அதே பச்சைக் களிம்பு. வயர் முனையை வெட்டிப் புது டெர்மினல் அடித்து, கூடவே எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயரையும் சுரண்டி இறுக்கி, கிரீஸ் தடவினார். அந்தத் தொல்லை திரும்பி வரவில்லை. கூலியாக அவர் வாங்கியதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இப்படிப்பட்ட ஒருவர் பத்து மைல் சுற்றளவில் இருப்பது பழைய வண்டிக்காரருக்குப் பெரிய பலம்.

இன்னும் சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட தூரம் ஓடிய பிறகு மட்டும் திணறினால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்று வழி அடைத்திருக்கிறது. ஏ.சி. போட்டதும் மட்டும் தொங்கினால் ஐடிலிங்கை உயர்த்திக் கொடுக்கும் வேக்குவம் ஆக்சுவேட்டரைப் பார்க்க வேண்டும். குளிரில் நன்றாக இருந்து சூடானதும் உதறினால் டேப்பெட் (வால்வைத் திறந்துவிடும் பாகம்) இடைவெளி இறுகி வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். எங்கள் வண்டிக்கும் ஒருமுறை அது இருந்தது, அரை நாள் வேலை. இவை எதுவும் இல்லை என்றால்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்து, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டதும் அளவு ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

அப்புறம் எத்தனால். 2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது, 2025-க்குள் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்கு அது 13.5-ஐ ஒட்டி வரும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி இந்த வித்தியாசத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே காற்று விடும். அதனால் கலவை மெலிந்து, காலைக் குளிரில் ஐடிலிங் கொஞ்சம் தள்ளாடும். ஐடிலிங் கலவையில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவைச் சிறிதளவு வெளியே திருகியதில் எங்கள் வண்டிக்குச் சரியாயிற்று. புகைச் சீட்டிலும் எண்கள் எல்லைக்குள்ளேயே இருந்தன. ஹோஸ் விஷயத்தில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலுக்குத் தாக்குப்பிடிக்கச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் பிசுபிசுத்துக் கசிய ஆரம்பித்தால் தீ அபாயம். எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிட்டோம்.

வைத்திருப்பது லாபமா என்று கேட்டால், கணக்கு வருடத்துக்கு வருடம் இறுகிக்கொண்டுதான் வருகிறது. 2013, 2018, 2023 என்று பதிவைப் புதுப்பித்தாயிற்று. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணமே 10,000 ரூபாய். 2028-க்கு அதை இப்போதே ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஏனென்றால் திங்கள்சந்தைச் சந்துக்குள்ளும் விளவங்கோட்டுப் பக்கத்து ஒற்றைப் பாதையிலும் இந்த அளவுக்கு அடக்கமாகத் திரும்புகிற வண்டி எனக்கு வேறு இல்லை. கோளாறு வந்தால் கையில் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் உள்ள யாரும் கண்டுபிடிக்க முடிகிற வண்டியும் இதுதான்.

இப்போது பாக்கி இருக்கிற வேலை பெட்ரோல் டேங்க். கடைசியாக மாற்றிய ஃபில்டரில் துரு நிறத் தூள் இருந்தது. கார்த்திகை மழை விட்டதும் டேங்கை இறக்கி, அடியில் தங்கிய தண்ணீரையும் துருவையும் கழுவி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை டேங்கைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை.