‘இசிஎம் போய்விட்டது’ என்ற தீர்ப்புக்குப் பிறகு: ஸ்கேனரோடும் மல்டிமீட்டரோடும் சில ஆண்டுகள்

காரின் ஓபிடி சாக்கெட்டில் சொருகிப் பழுதுகளைப் படிக்கும் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றும், வோல்ட்டையும் மின்தடையையும் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும் சில ஆண்டுகளாக என் காரிலேயே கிடக்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் மல்டிமீட்டரை எடுப்பேன். ஸ்கேனர் பயனற்றது என்பதால் அல்ல. இசிஎம், அதாவது என்ஜினை இயக்கும் கணினி, எதைப் பற்றிப் புகார் சொல்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். புகார் உண்மையா, காரணம் எங்கே என்பதை ஒயரில் அளந்துதான் அறிய வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒரு பழுது எனக்குத் தெளிவாகக் காட்டியது.

கார் நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும்போது, எப்போதாவது ஒருமுறை என்ஜின் விளக்கு எரியும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. அணைத்துவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காததுபோல ஓடும். பணிமனையில் முதல் தடவை, இசிஎம் பதிந்து வைத்திருந்த பழுதுக் குறியீடுகளை (‘கோடு’களை) அழித்துக் கொடுத்தார்கள். அடுத்த தடவை, இசிஎம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது: ஆக்சிலரேட்டர் பெடல், மேனிஃபோல்டு அழுத்தம் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), ஏசி வாயு அழுத்தம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத சென்சார்களின் கோடுகள் ஒரே நேரத்தில் விழுகின்றன, அத்தனையும் ஒன்றாகக் கெட முடியாது, எனவே கெட்டது மூளைதான்.

அந்தப் பட்டியலில் பி0641 என்ற கோடும் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. சென்சார்களுக்கு இசிஎம் அனுப்பும் 5 வோல்ட் மின்சாரத்தில் கோளாறு என்பது அதன் பொருள். பல சென்சார்கள் இந்த 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு சென்சாரோ அதற்குப் போகும் ஒயரோ பாடியில் ஷார்ட் ஆனால் அந்த லைன் முழுவதும் விழுந்துவிடும். சம்பந்தமே இல்லாத சென்சார்கள் எல்லாம் குற்றவாளிகள்போலத் தெரியும். பெரும்பாலான இசிஎம்கள் ஷார்ட் வந்தால் தங்களைப் பாதுகாத்துக்கொண்டு, அது விலகியதும் 5 வோல்ட்டை மறுபடியும் கொடுக்கும். ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் மர்மத்துக்கு இதுவே போதுமான விளக்கம்.

ஸ்கேனர் தன் பங்கை ஒழுங்காகச் செய்தது இந்த இடத்தில்தான். கோடு விழும் கணத்தில் என்ஜின் இருந்த நிலையை இசிஎம் ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ என்ற பதிவாகச் சேமிக்கும். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும், மாசுக் கண்காணிப்புச் சோதனைகளும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அதனால் அழிக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதைக் குறித்து வைத்தேன். எல்லாப் பதிவிலும் ஒரே கதை: வேகம் குறைவு, என்ஜின் சுமை அதிகம். அதாவது என்ஜின் தன்னைத் தாங்கும் மவுண்ட்டுகளின் மேல் நன்றாகச் சாயும் நேரம். மின்னணுப் பலகை கெட்டிருந்தால் அது என்ஜின் சாய்வதற்காகக் காத்திருக்காது.

பிறகு மல்டிமீட்டர். இக்னிஷனை ஆன் செய்து, அழுத்த சென்சாரின் கனெக்டருக்குப் பின்புறமாக முனையை நுழைத்துப் பார்த்தால் 5.0 வோல்ட். அப்படியே வைத்துக்கொண்டு என்ஜினை ஒட்டிப் போகும் ஒயர் கட்டை மெல்ல அசைத்தேன். ஓர் இடத்தில் அழுத்தியதும் எண் பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. அதே நிலையில் கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த லைனில் இருந்த சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எதைக் கழற்றியும் 5 வோல்ட் திரும்பவில்லை. சென்சார்கள் நிரபராதிகள். அடுத்து இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, இசிஎம் கனெக்டரையும் பிரித்து, 5 வோல்ட் ஒயருக்கும் பாடிக்கும் இடையே மின்தடையை அளந்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம். கட்டை விலக்கினால் தொடர்பே இல்லை. இசிஎம் கழன்று கிடக்கும்போதும் ஷார்ட் இருக்கிறதென்றால், வழக்கு அதோடு முடிந்தது.

கட்டைச் சுற்றியிருந்த மடிப்புக் குழாய் ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் உரசிப் பிளந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு ஒயரின் உறை சீவப்பட்டு, மயிரிழை அளவுக்குத் தாமிரம் பளபளத்தது. பிராக்கெட்டிலும் அதே இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு மின்னியது. சால்டர் செய்து, சுருங்கும் குழாய் போட்டு, கட்டை வேறு கிளிப்பில் மாட்டினேன். அந்தக் கோடு அதன்பின் வரவில்லை.

இசிஎம் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தாலோ, பலகையில் சால்டர் விரிசல் விட்டாலோ கெடும். பி0601, பி0606 போன்ற உட்பழுதுக் கோடுகள் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுவது நியாயம். அப்போதும் முதலில் அதன் சப்ளையையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். எர்த்தை மின்தடையில் அளப்பது ஏமாற்று வேலை. ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நன்றாகத்தான் காட்டும். என்ஜினை ஓடவிட்டு, விளக்குகளையும் ஃபேனையும் போட்டுவிட்டு, இசிஎம் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் அங்கே வேலை இருக்கிறது. பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை மட்டும் இசிஎம் ஒயர்களில் வைக்காதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் சுற்றுகள் தாங்காமல் போகலாம்.

பழைய இசிஎம் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் திருட்டுத் தடுப்பு) உள்ள கார்களில் அது சாவியோடு இணைக்கப்படாவிட்டால் பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. பழைய பழுதோடு புதுக் குழப்பமும் சேரும்.

ஸ்கேனரின் குறைகளையும் சொல்ல வேண்டும். நேரலை அளவுகள் மெதுவாகத்தான் வருகின்றன. கண நேரம் விழுந்து எழும் வோல்ட் அதன் கண்ணில் படுவதில்லை. நான் வைத்திருப்பது என்ஜின் தொடர்பான பொதுக் கோடுகளோடு நின்றுவிடும், ஏபிஎஸ்ஸும் ஏர்பேகும் அதற்கு எட்டாது. இத்தகைய ஸ்கேனர்களுக்குள் இருக்கும் இஎல்எம் 327 என்ற சிப்பின் பெயரில் சந்தையில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் சில, கட்டளைகளில் பாதிக்குப் பதிலே சொல்லாது. இன்னொன்று, ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும். சாவியை எடுத்த பிறகும் ஸ்கேனர் குடித்துக்கொண்டுதான் இருக்கும். பல நாள் நிற்கப் போகும் காரில் அதைச் சொருகி வைக்காதீர்கள்.

ஸ்கேனர் இணைந்தும் இசிஎம் பதிலே தராவிட்டால், கேன் லைன் (காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர்) உள்ள கார்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் லைனின் இரு முனைகளில் உள்ள மின்தடைகளில் ஒன்றோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். புது இசிஎம் வாங்கும் பேச்சை அந்தப் பழுதைப் பார்த்து முடிக்கும்வரை தள்ளிப் போடலாம்.