எதிர்வண்டி இன்சூரன்ஸில் சேதத்துக்குப் பணம் வாங்குவது: 5-க்கு 2 மதிப்பெண்

மண்டபத்திலோ கீழக்கரையிலோ மீன் லாரி உங்கள் காரை இடித்துவிட்டால், லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொதுவாக நேராகக் காசு தராது. முதலில் போலீஸ் புகார், பிறகு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு, அதுவும் 6 மாதத்துக்குள். எந்தக் கம்பெனி என்பதை எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண் போட்டுப் பார்க்கலாம். இடித்த வண்டி லாரி, கார் என்றால் சேதத்துக்கு இன்சூரன்ஸ் தரும் வரம்பு 7.5 லட்சம் ரூபாய், பைக் என்றால் 1 லட்சம். பிரீமியம் குறைய வண்டிக்காரர் அந்த வரம்பை 6,000 ரூபாய் என்று சுருக்கியிருந்தால் மீதியை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நம் கடற்கரைப் பக்கத்தில் காரியத்தைக் கெடுப்பது உப்புக்காற்று. நசுங்கிய இடம் சீக்கிரமே துருப்பிடிக்கும், 'பழைய அடி' என்று தள்ளிவிடுவார்கள். பெயின்ட் உதிர்ந்து தகரம் பளபளக்கும்போதே, அன்றைக்கே, கிட்டத்தில் படம் எடுங்கள்.

சின்னச் சேதத்துக்கு இவ்வளவு அலைச்சல் அநியாயம். உங்கள் வண்டியின் சேதத்துக்கே பணம் தரும் ஓன் டேமேஜ் பாலிசி இருந்தால் அதிலேயே வாங்குங்கள்; நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) போனாலும் பரவாயில்லை.